கோழிக்காரன் பாக்கெட்டில் ஒரு கல்

திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு படத்தைப் பதினோரு தடவை பார்த்தவள் புதுச்சேரியிலேயே தில்லைநாயகி ஒருத்தியாகத்தான் இருப்பாள், பார்த்தவள் என்பதுகூடத் தப்பு, கேட்டவள், இதோ கோழி கொக்கரிக்கிறது என்றால் அந்த ஒல்லி ஆள் ரயிலை விட்டு இறங்கிவிட்டான், கோழிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா குடியிருக்கும் புதுக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறான், இன்னும் நான்கு நொடியில் முன்வரிசை சிரிக்கும், சிரித்தது. சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சை மடியில் சாய்த்து நோட்டில் ஒரு வட்டம் போட்டாள். வட்டம் என்றால் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கோடு என்றால் அவனாகவே ஆகிச் சிரிக்கிறார்கள். பெருக்கல் குறி என்றால் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தாரே என்று சிரிக்கிறார்கள். இந்த மூன்று குறிக்காக ஆராய்ச்சி வழிகாட்டி லூர்துநாதன் சாரோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். சிரிப்பு சிரிப்புதானேம்மா, ரகம் பிரிக்க இது என்ன அரிசி மண்டியா என்று கேட்டார். தோளைப் பாருங்கள் சார் என்றாள், ஒருத்தனைப் பார்த்துச் சிரிக்கிறவன் பின்னால் சாய்வான், அவனாக ஆகிச் சிரிக்கிறவன் முன்னால் குனிவான். சார் சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதுயுகத்தைக் கண்டு திகைத்து நிற்கிற மனிதனைக் காட்டிச் சிரிக்கவைத்த பழைய பிரெஞ்சுப் படங்களுக்கு நம் ஊர் ஜனம் எங்கே சிரிக்கிறது, எங்கே சிரிக்கவில்லை, அதுதான் அவள் ஆராய்ச்சி. சிரிப்புக்கு ஊர் கிடையாது என்பது சாருடைய கட்சி. ஊரும் உண்டு வாசலும் உண்டு, கதவு யாருக்குத் திறக்கிறதோ அவர்கள்தான் திறக்காதவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், வெளியே நிற்கிறவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது என்பது இவளுடைய கட்சி. அதை நிரூபிக்கிற இடம் நாற்பத்தோராவது நிமிடம். நிரூபிக்கப்போகிற ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், பெயர் அமிர்தவல்லி, விடுதி மெஸ்ஸில் சமையல் வேலை, தில்லையின் அம்மா.

நாற்பத்தொன்றுக்கு இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஐந்து மணி வேலைக்கு நடுவே வந்திருக்கிறார்கள், அம்மாவும் அவள் கூட்டாளிகள் மங்கையும் ஸ்டெல்லாவும். நல்லா ஏசி போட்டிருப்பாங்களாமே என்று கேட்டுத்தான் மங்கை வந்தாள், படம் என்ன மொழி என்று கேட்கவில்லை. திரையின் வெளிச்சம் அலையலையாக அவர்கள் முகத்தில் விழுந்து போகிறது. மங்கை வாயைப் பிளந்து பார்க்கிறாள். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். அம்மா எதையோ மெல்லுகிறாள், சூயிங் கம்மாகத்தான் இருக்கும், கன்னத்துக்குப் பயிற்சி என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதை விடவில்லை, முந்தானை நுனி வாய்க்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறது, சிரிப்பு வந்தால் மூட. படம் காட்டத்தான் கூப்பிட்டேன் என்று அவர்களிடம் சொன்னாள். பாதி பொய். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்கு மூன்று மௌனம் வேண்டியிருந்தது, எல்லோரும் சிரிக்கிற இடத்தில் சிரிக்காத மூன்று பேர், அதற்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாயா என்று இந்த நிமிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வாள், கேட்கமாட்டார்கள், கேட்டால் அதற்கும் ஒரு வாதம் வைத்திருக்கிறாள், அவர்களுடைய மௌனத்தைப் பதிவுசெய்ய வேண்டாமா, வேண்டும்தானே. இசை ஏறுகிறது. அக்கா வீட்டுச் சமையலறை. பட்டனை அழுத்தினால் அலமாரி, இன்னொன்றை அழுத்தினால் அடுப்பு, கோழி மூன்றாவதை அழுத்திவிடுகிறது. வட்டம், வட்டம், பெருக்கல். மங்கை சிரித்தாள், முன்னால் குனிந்து, ஒரு கோடு. அம்மா சிரிக்கவில்லை. சிரிக்கமாட்டாள், எப்படிச் சிரிப்பாள், கார்த்திகையிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து யார் பார்த்தார்கள்.

கார்த்திகை, மழை விடாமல் பெய்த காலை, தில்லை ஞாயிற்றுக்கிழமைக்காக வில்லியனூர் வீட்டுக்குப் போயிருந்தாள், அம்மா பல் தேய்த்துக் கொப்பளிக்கிறாள், தண்ணீர் வாயின் இடது மூலையிலிருந்து தானாக வழிகிறது. என்னடி இது, வாய் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது என்று அம்மா சொன்னபோது அந்த வார்த்தைகளே ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தன. முகம் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டது, இடது கண் மூட மறுத்தது, தூங்கும்போதும் அது பாதி திறந்து இவளையே பார்த்தது, அதைப் பார்க்க முடியாமல் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், அதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கவாதம் இல்லை, முகவாதம்தான், சரியாகிவிடும் என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். மின்சாரம் வைத்தார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள். இவள் ஒரு பாக்கெட் ரோஸ் பலூன் வாங்கிக்கொடுத்தாள், அம்மா ஊதினால் காற்று கடைவாயில் கசிந்து ஒரு அசிங்கமான சத்தம் வரும், மங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள், இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், அமிர்தக்கா இப்படிக் கிடக்கிறாள், உனக்குச் சிரிப்பா என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். தை மாதம் மெஸ் வாசலில் முகம் பார்த்து வருகை போடுகிற மெஷினை மாட்டினார்கள், ஒப்பந்தக்காரர் ஆள் வந்து எல்லாரையும் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தான். வைகாசியில் ஆரம்பித்தது வினை. அம்மா போய் நின்றால் மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்லும், பதிவில் இல்லை, மீண்டும் முயலவும். மூன்று தடவை. மூன்றுக்கும் ஏறவில்லை என்றால் அன்றைக்கு ஆப்சென்ட். பதினெட்டு வருஷம் இந்த மெஸ்ஸில் சோறு வடித்தவள் பதிவில் இல்லை. படத்தை மாற்றி எடுங்கள் என்று கேட்டதற்கு அந்த விண்ணப்பத்தை மெஷினிலேயே போட வேண்டும், உள்ளே போக முகத்தைக் காட்டு என்றார் சூப்பர்வைசர். முகத்தைத் திருத்த முகத்தைக் காட்டு. இதை வெள்ளைக்காரன் படமாக எடுத்தால் கலை, நாம் வாசலில் நின்றால் ஒழுங்கு நடவடிக்கை. முகம் கோணியவளை மெஷின் ஒதுக்குகிறது, இதைவிட அநியாயம் உண்டா, நோயாளியை நோயாளி என்பதற்காகவே. ஆனியிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கேட்டால் பாத்துக்கலாம் விடு என்பாள். வாய் மூடிச் சகித்துக்கொள்கிறாள், இவர்களையெல்லாம் சகிக்கப் பழக்கிவைத்திருக்கிறார்கள், சகிக்கிறவர்கள் இருக்கிற வரைக்கும்தான் அநியாயம்.

அதனால்தான் மனு. நாலு பக்கம், சட்டப் பிரிவு எண்களோடு, அம்மா எழுதியதுபோல. சென்ற கார்த்திகை முதல் என் முகம் கோணிவிட்டதால் வருகைப்பதிவு இயந்திரம் என்னை ஏற்க மறுக்கிறது, கடந்த மூன்று வாரங்களாகவும் தினந்தோறும் வாசலில் நிறுத்தப்பட்டு அவமானப்படுகிறேன். இரண்டு ஞாயிறு கையெழுத்துக்காக நீட்டினாள், மூணு மணி படத்துக்கு வரும்போது பாத்துக்கலாம் என்றாள் அம்மா, நேற்று போனில். வந்தவள் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாள். கண்ணாடி. இந்தத் தட்டிக்கழிப்பெல்லாம் யாரிடம். இன்று ஐந்து மணிக்கு நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து குறைதீர்ப்புப் பெட்டியைத் திறப்பார், விட்டால் அடுத்த மாதம்தான், அதற்குள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் யார் பொறுப்பு. அவர்கள் சீட் தேடி உட்கார்ந்த நேரத்தில் தில்லை நடைவழிக்கு வந்து, நாலாம் பக்கத்தின் அடியில் அ. அமிர்தவல்லி என்று அம்மா போடுவதுபோலவே கொஞ்சம் சாய்த்துப் போட்டு, மடித்து, கண்ணாடி முகப்பு வைத்த அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தாள். தப்பா. தப்பில்லை. தாய்க்காக மகள் போடுவது மோசடி ஆகாது. ஆகும் என்று சட்டம் சொன்னால் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். படம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம். முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது. காலடிச் சத்தம், டக் டக் டக், தானாகத் திறக்கும் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் எடை விழுந்தால் கதவு திறக்கும், அந்தக் காலத்துப் புதுமை. தொப்பிக்காரர் வருகிறார், திறக்கிறது. நாய் வருகிறது, திறக்கிறது. கோழிக்காரன் வருகிறான், திறக்கவில்லை. அவன் ஒல்லி, அவனுடைய எடை அந்த விரிப்புக்கு மனிதக் கணக்கில் சேரவில்லை. குதித்துப் பார்க்கிறான். வணக்கம் சொல்லிப் பார்க்கிறான். வட்டம் வட்டம் வட்டம், முன்வரிசை முழுக்க முதுகு சாய்கிறது, பார்த்தீர்களா சார், உள்ளே இருக்கிறவர்களின் சிரிப்பு, இனி கடைசி வரிசை, பயமாக இருந்தது தில்லைக்கு, எதற்காக அழைத்துவந்தோம், அம்மா இப்போது அந்தப் பெண்குரலைத்தானே கேட்டுக்கொண்டிருப்பாள், பதிவில் இல்லை, மீண்டும் முயலவும், தொண்ணூறு பேர் அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்காதா, எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா, நாற்பது, அவன் நடைபாதையிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறான், கோட்டுப் பாக்கெட்டில் போடுகிறான், விரிப்பில் ஏறுகிறான், நாற்பத்தொன்று, கதவு திறக்கிறது, அவன் கதவுக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்கிறான். அரங்கம் அதிர்ந்தது. தில்லை கடைசி வரிசையைப் பார்த்தாள். அம்மா முன்னால் குனிந்திருந்தாள். முந்தானை கீழே கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே வந்தது, கார்த்திகைக்கு முந்தைய சத்தம். பிறகு மங்கை பக்கம் திரும்பினாள், அப்போதுதான் அது நடந்தது, அம்மாவின் வாய் மெல்ல வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, இடக் கன்னம் தொங்கியது, இடக் கண் பாதியில் நின்று வெறித்தது. மறுபடியும் வந்துவிட்டது. டார்ச் உருண்டு எங்கோ போனது. கொப்பளித்த தண்ணீர், பாதித் தூக்கத்தில் பார்க்கும் கண், சிரித்ததால் வந்துவிட்டது, நான் கூட்டிவந்ததால் வந்துவிட்டது, ஆம்புலன்ஸ் எண், ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், முன்வரிசையில் யாரோ மறைக்காதம்மா என்றார்கள், அதற்குள் அம்மாவின் முகம் நேராகிவிட்டது. துணியை உதறினதுபோல. நேராகி, சூயிங் கம்மை இரண்டு தடவை மென்று, இந்தத் தடவை ஸ்டெல்லா பக்கம் திரும்பி, மறுபடி கோணிக்கொண்டது. அந்தக் கோணல் முகத்தோடு தலையைக் குனிந்து, எதிரே இல்லாத ஒரு மெஷினுக்கு இல்லாத தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தாள் அம்மா. மங்கை சீட்டிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தில்லை நின்றுகொண்டே இருந்தாள். எதுவும் புரியவில்லை, பிறகு கொஞ்சம் புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை. அம்மாவின் முகம் நேராக இருக்கிறது. எப்போதிலிருந்து. ஞாயிறுதோறும் போகிறாள், முந்தானை வாயில் இருக்கும், அடுப்புப் புகை, இவள் பேசிக்கொண்டே இருப்பாள், மனு, பிரிவு, உரிமை, முகத்தைப் பார்த்தாளா. படம் தொடங்கி நாற்பது நிமிடமாக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நேரான முகத்தை, கோணல் என்று நினைத்துக்கொண்டு. தை மாதம் மெஷின் படம் எடுத்தது நோவு முகத்தை. தை, மாசி, பங்குனி, சித்திரை, நாலு மாதம் அதே மெஷின் அம்மாவை ஒரு பேச்சுப் பேசாமல் உள்ளே விட்டதே, கோணலுக்காக மறுக்கிற மெஷின் அப்போது ஏன் மறுக்கவில்லை, இந்த ஓட்டையை சார் கண்டிருந்தால் ஒரு நொடியில் விரலை வைத்திருப்பார், இவள் கண்ணில் படவேயில்லை. வைகாசியில் மறுத்தது, ஏனென்றால் வைகாசியில் அம்மா குணமாகிவிட்டாள். குணமானவளை அதற்குத் தெரியாது. அதனால் தினம் காலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று நோவு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறாள், உள்ளே போய்க் கழற்றிவிடுகிறாள், கல்லைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதுபோல. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அவமானம் என்று நாலு பக்கம் எழுதிய இடத்தில் மூன்று வாரமாகச் சிரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அய்யோ, மனு. ஐந்து மணி. தினந்தோறும் மறுக்கப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறது, மெஷினைத் திறந்து பார்த்தால் மூன்று வாரமும் தினந்தோறும் உள்ளே வந்திருக்கிறாள் என்று இருக்கும். அப்படியானால் வந்தது யார் முகம். ஆள்மாறாட்டம் என்பார்கள், போன வருஷம் தோட்டவேலை ஆள் ஒருத்தரை அந்த ஒரு வார்த்தையில்தான் அனுப்பினார்கள். அம்மா எப்படியோ காப்பாற்றி வைத்திருந்த வேலையை மகள் நாலு பக்கத்தில், பிரிவு எண்களோடு, கையெழுத்தும் போட்டு. கோழி கொக்கரித்தது. எந்த நிமிடம் என்று தெரியவில்லை. நோட்டில் நாற்பத்தொன்றுக்குப் பிறகு ஒரு குறியும் இல்லை, அவ்வளவு நேரம் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விளக்கு போட்டபோது மணி நாலு இருபது. தில்லைநாயகி முன்னால் வந்து ரெண்டு வார்த்தை பேசுவார் என்று லூர்துநாதன் சார் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். நடைவழியில் மூன்று பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள், மங்கை இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டாள், கேட்க நினைத்தது அது இல்லை.

"சொன்னா நீ சண்டைக்குக் கெளம்பிடுவ," என்றாள் அம்மா. "முதல்ல நான் சும்மா வெறுத்துப்போய்த்தான் கோணிக்காட்டினேன். மெஷின் நன்றின்னு சொல்லிச்சி."

"மனுவைப் பெட்டியில போட்டுட்டேன்மா."

"நான் கையெழுத்து போடலியே."

"நான் போட்டேன்."

அம்மா மெல்லுவதை நிறுத்தினாள். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அந்த மெஷினாவது மூணு வாட்டி கேக்குதுடி," என்றாள்.

மனுவில் என்ன இருக்கிறது, மெஷினில் என்ன இருக்கும், ரெண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று தில்லை சொல்லி முடித்தாள். பெட்டிச் சாவி ஐந்து மணிக்கு வரும் ஆளிடம். கண்ணாடிக்குப் பின்னால் மனு எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியின் வாயைப் பார்த்தபடி கிடந்தது. மங்கை மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்குச்சிகளாகப் பார்த்து நாலைந்தை உருவினாள். அம்மா வாயிலிருந்த சூயிங் கம்மை எடுத்து, கொழுக்கட்டைக்குப் பிடிப்பதுபோல் உருட்டி, நுனியில் சேர்த்து அழுத்தினாள். அண்டாவின் அடியிலிருந்து கரண்டியை எடுத்துப் பழகிய கை, இரண்டாவது தடவையில் மனு ஒட்டிக்கொண்டு எழுந்தது. இன்னாம்மா பண்றீங்க அங்க என்று கேட்டபடி செக்யூரிட்டி வந்தார். அமிர்தக்கா மூஞ்சி உள்ள விழுந்துடுச்சிண்ணே, எடுத்துக்கிறோம் என்றாள் மங்கை, திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, சீக்கிரம் எடுங்க என்று போய்விட்டார்.

கிழித்துவிடலாம் என்று தில்லை கையை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், கொண்டுவந்துதான் இருந்தாள், நாலு பக்கத்தையும் ஜன்னலோரம் நின்று படித்தாள், எட்டாவது வரைக்கும் படித்தவளின் வேகத்தில், உதடு அசைய, இரண்டு பக்கமும் ஒன்றுபோல அசைய. மகளின் காதுக்கு மேலே செருகியிருந்த பேனாவை எடுத்தாள், வட்டமும் கோடும் போடுகிற பேனா. கார்த்திகை என்ற இடத்தை அடித்து வைகாசி என்றும், முகம் கோணிவிட்டதால் என்ற இடத்தை அடித்து முகம் நேராகிவிட்டதால் என்றும் எழுதினாள். கடந்த மூன்று வாரங்களாகவும் என்று தொடங்கிய வரியை முழுக்க அடித்து, மேலே குண்டு குண்டாக, மூணு வாரமா பழைய மூஞ்சிய வச்சிக் காட்டி உள்ள போனேன், இனிமே மாட்டேன் என்று எழுதினாள். சட்டப் பிரிவுகளைத் தொடவில்லை. மகள் போட்ட கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே தன்னுடையதைப் போட்டாள். அது சாயவே இல்லை, தில்லை இத்தனை நாளும் சாய்ந்திருக்கும் என்றே நினைத்திருந்தாள். பிறகு மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மணியாச்சு வாங்கடி என்று நடந்தாள்.

மெஸ் வாசலில் சாயங்கால வேலைக்காரர்கள் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். இப்போது மட்டும் கோணிக்கொள்ளம்மா, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தில்லை முழங்கையைப் பிடித்தாள், இதைச் சொல்வது தான்தானா என்று அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அம்மா கையை விலக்கவில்லை, முறை வந்ததும் போய் மெஷின் முன்னால் நின்றாள். முந்தானையைக் கீழே விட்டாள். பதிவில் இல்லை, மீண்டும் முயலவும். நின்றாள். பதிவில் இல்லை. சூப்பர்வைசர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அக்கா, வழக்கம்போல காட்டுங்க என்றார், ஆக அவருக்கும் தெரியும். அம்மா முகத்தை மாற்றவில்லை. மூன்றாவது தடவைக்கு அந்தக் குரல் மூச்சு இழுத்த நேரத்தில், அம்மா இல்லாத தொப்பியைத் தூக்கினாள். தில்லையின் முதுகுக்குப் பின்னால் மங்கையிடமிருந்து சிரிப்பு கிளம்பியது, பிறகு ஸ்டெல்லா, பிறகு வரிசை முழுக்க. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. தோள் எல்லாம் முன்னால் குனிந்திருக்கும்.